ஆஸ்பத்திரியிலிருந்து எந்த அகத்துக்கு?



"ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அடுத்த நிமிடமே ஒரு கேள்வி எழுகிறது. பெரியவரை எங்கே அழைத்துப் போவது? லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி ப்ளாட்டுக்கா? புணேயில் இருக்கும் பிள்ளை அகத்துக்கா? பெங்களூரில் இருக்கும் பெண் அகத்துக்கா? அல்லது இப்போது பெரிய நகரங்களில் வந்திருக்கும், சில வாரங்கள் தங்கி உடம்பு தேறிப் போகும் இல்லங்களுக்கா? நம்மவர்கள் பல ஊர்களில் பரவியிருக்கிறோம். பல குடும்பங்களில் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி நமக்குக் கொஞ்சம் கடினமானது. ஆனாலும் எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று மாதக்கணக்கில் விசாரிக்கும் நாம், இதை மட்டும் பில் கட்டும் கவுண்டரில் நின்றபடி பத்து நிமிடத்தில் தீர்மானித்துவிடுகிறோம்.

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. கடந்த நூற்றைம்பது வருஷங்களில் மருத்துவ உலகம் இதற்கு நாலைந்து தடவை விடையை மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏன் மாற்றியது என்று பார்த்தால், நம் அகத்துத் தீர்மானத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது.

வீடே பத்திரம் என்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்ள மாட்டார்கள். டாக்டர்தான் வீட்டுக்கு வருவார். ஆஸ்பத்திரி என்பது ஏழைகளுக்கான இடம். அங்கே காயம் சீழ் பிடித்து இறப்பவர்கள் அதிகம். குளோரோஃபார்ம் மயக்க மருந்தை 1847-ல் பழக்கத்துக்குக் கொண்டுவந்த எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் 1869-ல் இதைக் கணக்கெடுத்துக் காட்டினார். பெரிய ஆஸ்பத்திரிகளில் கையோ காலோ எடுக்கப்பட்ட 2,089 பேரில் 855 பேர், அதாவது நூற்றுக்கு 41 பேர், இறந்திருந்தார்கள். கிராமத்து மருத்துவர்களிடம் அதே சிகிச்சை பெற்ற 2,098 பேரில் இறந்தவர்கள் 226 பேர், நூற்றுக்குப் பதினோரு பேர்கூட இல்லை. கணக்கில் குறைகள் உண்டென்று அப்போதே ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை யாராலும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. குடிசையில் படுத்தவன் பிழைத்தான், மாளிகை போன்ற ஆஸ்பத்திரியில் படுத்தவன் போனான் என்பதுதான் அதன் சாராம்சம்.

இதே விஷயத்தை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வேறு கோணத்திலிருந்து சொல்லிவந்தார். ஆஸ்பத்திரிகளைப் பற்றி 1859-ல் அவர் வெளியிட்ட நூலின் விரிவான பதிப்பு 1863-ல் வந்தது. சிகிச்சைக்குத் தேவையான நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூட நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பிறகு எங்கே போவது? லண்டன் ஏழைத் தொழிலாளிக்கு ஒரே அறையில் ஏழெட்டு பேர். அங்கே போனால் தேறிவந்த உடம்பு திரும்பவும் விழும். ஆகவே நடுவில் ஓர் இடம் வேண்டும், அது ஆஸ்பத்திரி போல இல்லாமல் வீடு போல இருக்க வேண்டும் என்றார் அவர்.

நடுவில் ஓர் இல்லம்

இங்கிலாந்தில் அப்படிப்பட்ட இல்லங்கள் நூற்றுக்கணக்கில் தோன்றின. கடற்கரையிலும் மலைப்பக்கத்திலும் நல்ல காற்றுக்காகக் கட்டினார்கள். லண்டனில் ஹோட்டல் நடத்திச் செல்வந்தரான அட்கின்ஸன் மார்லி என்பவர், அங்குள்ள செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளிகள் தேறுவதற்காக ஒரு லட்சம் பவுன் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் 1869-ல் விம்பிள்டனில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. சிம்ப்ஸன் கணக்கு வெளியானதும் அதே வருஷம்தான்.

இந்த இல்லங்களில் சாப்பாடும் காற்றும் ஓய்வும் கிடைத்தன. ஆனால் இடம் கிடைப்பது எளிதல்ல. பல இல்லங்களில் நன்கொடையாளரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வேண்டும். நோயாளிக்கு எது தேவை என்பதோடு, யாரைத் தெரியும் என்பதும் சேர்ந்துதான் தேறும் இடத்தைத் தீர்மானித்தது.

விம்பிள்டன் இல்லத்தின் பிற்காலக் கதை சுவாரசியமானது. தேறும் இல்லங்களுக்குத் தேவை குறைந்தபோது அது மூளை அறுவை சிகிச்சைக்குப் பெயர்போன மருத்துவமனையாக மாறியது. உலகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971 அக்டோபர் 1-ம் தேதி அங்கேதான். 2003-ல் அது மூடப்பட்டது. தேறுவதற்காகக் கட்டிய கட்டடம் சிகிச்சைக்காக மாறியதைப் போலவே மருத்துவத்தின் கவனமும் மாறியது. மிஷின்களுக்கு இடம் கிடைத்தது, ஓய்வெடுக்கும் நோயாளிக்கு இடம் போனது.

படுக்கையை விட்டு எழுந்த கதை

இதற்கிடையில் ஜோஸஃப் லிஸ்டர் 1867-ல் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். ஆஸ்பத்திரி படிப்படியாகப் பத்திரமான இடமாயிற்று. உடனே பழக்கம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஆபரேஷன் ஆனவரை இரண்டு மூன்று வாரங்கள் வார்டிலேயே படுக்கவைத்தார்கள். நம் தாத்தா காலத்தில் குடலிறக்க ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் ஓய்வு. கண்புரை ஆபரேஷன் என்றால் தலையை அசைக்காமல் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டும். வயதான அங்கத்தினர்கள் பலருக்கு இது நினைவிருக்கும்.

அசையாமல் படுப்பதே குணம் என்ற இந்த நம்பிக்கையைச் சிலர் ஆரம்பத்திலேயே சந்தேகித்தார்கள். சிகாகோவில் எமில் ரீஸ் 1899-லேயே தன் நோயாளிகளை ஓரிரு நாளில் எழுப்பி நடக்கவைத்ததாக எழுதினார். யாரும் கேட்கவில்லை. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிகால் என்ற குழந்தை அறுவை நிபுணர், பத்து வருஷங்களில் 8,988 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து, அன்றே தாயாருடன் வீட்டுக்கு அனுப்பியதாக 1909-ல் அறிவித்தார். தாயார் மடியைவிட நல்ல வார்டு கிடையாது என்பது போன்ற வாதம் அவருடையது. ஆனால் அவர் வெறுமனே அனுப்பிவிடவில்லை. நர்ஸ்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பால்குடிக் குழந்தைகளுக்காக, தாயாரும் சேர்ந்து தங்கும்படி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீடும் வைத்திருந்தார்.

கடைசியில் கண்ணைத் திறந்தது யுத்தம்தான். இரண்டாம் உலகப் போரில் படுக்கைகள் போதவில்லை, நர்ஸ்கள் போதவில்லை. சீக்கிரம் எழுப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் வந்தது. எழுந்தவர்கள் படுத்திருந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்! டெட்ராய்ட் மருத்துவர் டேனியல் லைட்ஹௌஸர் 1946-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1947-ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையின் அபாயங்களைப் பட்டியலிட்டார். காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், தசை இளைக்கும், முதுகில் புண் வரும், மனசும் சோரும் என்றார். 1955-ல் எடின்பரோவில் எரிக் ஃபார்க்கர்ஸன் 485 குடலிறக்க நோயாளிகளை ஆபரேஷன் ஆன அன்றே வீட்டுக்கு அனுப்பியதை வெளியிட்டார்.

பிறகு கருவிகள் மாறின. 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹெ சிறு துவாரங்கள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். 1990-ல் அதே முறையை பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா செய்தார், இந்தியாவில் அதுவே முதல். பெரிய தையலோடு வாரக்கணக்கில் கிடந்தவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பினார்கள். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட், குடல் ஆபரேஷன் போன்ற பெரிய சிகிச்சைக்குப் பிறகும் வலியைச் சரியாக அடக்கி, சீக்கிரம் சாப்பிடவைத்து, சீக்கிரம் நடக்கவைத்தால் சில நாளில் அனுப்பலாம் என்று காட்டினார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நாட்கள் குறைந்ததால் உடம்பு தேறும் நாட்கள் குறைந்துவிடவில்லை. பத்து நாள் நர்ஸ்கள் செய்த வேலையில் எட்டு நாள் வேலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைச் செய்யப்போவது யார் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

பணம் தீர்மானித்தபோது

அமெரிக்காவில் இந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே 1965-ல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் வந்தது. மூன்று நாளாவது ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தவருக்கு, அதன் பின் நர்சிங் ஹோமில் நூறு நாள் வரை அரசு உதவும், முதல் இருபது நாள் நோயாளி ஒன்றும் தர வேண்டாம் என்று விதி செய்தார்கள். (நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது வயதானவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம்.) 1983-ல் இன்னொரு மாற்றம். எத்தனை நாள் தங்கினாலும், இன்ன நோய்க்கு இவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரிக்கு மொத்தத் தொகை கொடுக்க ஆரம்பித்தார்கள். சீக்கிரம் அனுப்பினால் ஆஸ்பத்திரிக்கு லாபம்.

விளைவு என்ன? இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பற்றி அங்கே ஒரு மருத்துவமனையில் செய்த ஆய்வு 1988-ல் வந்தது. புது முறைக்குப் பிறகு, சராசரியாக 21.9 நாள் தங்கியவர்கள் 12.6 நாளிலேயே அனுப்பப்பட்டார்கள். நர்சிங் ஹோமுக்குப் போனவர்கள் நூற்றுக்கு 38-லிருந்து 60 ஆனார்கள். ஒரு வருஷம் கழித்தும் வீடு திரும்பாமல் அங்கேயே இருந்தவர்கள் நூற்றுக்கு 9-லிருந்து 33 ஆனார்கள். இந்தக் கடைசி எண்ணை நாம் மறக்கக் கூடாது. சில வாரத்துக்கென்று போன இடத்திலேயே மூன்றில் ஒருவர் தங்கிவிட்டார். நடக்கவைக்க வேண்டிய நாட்களில் நடக்கவைக்க ஆளில்லை என்றால், தற்காலிக இடம் நிரந்தர இடமாகிவிடும்.

சென்னை சொன்ன விடை

அப்படியானால் வீடுதான் சிறந்ததா? இதற்கு உலகமே கவனித்த ஒரு விடை நம் சென்னையிலிருந்து வந்தது. அது சர்ஜரியைப் பற்றியது அல்ல, காசநோயைப் பற்றியது. ஆனால் எங்கே தேறுவது என்ற கேள்வி அதேதான். அந்தக் காலத்தில் காசநோய்க்கு நல்ல காற்று, பூரண ஓய்வு, சத்துள்ள ஆகாரம் என்று சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைப்பார்கள். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சானடோரியம் இருந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்றே பெயர். 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து அதை அமைத்தன. ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள்.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959-ல் வெளியான முடிவில் இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து வீடு போதும் என்று மட்டும் பாடம் எடுத்துக்கொண்டால் பாதிதான் எடுத்துக்கொண்டோம். வீட்டில் இருந்தவர்களுக்கு மையத்திலிருந்து தவறாமல் மருந்து போயிற்று. சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து, மாத்திரை உண்மையில் விழுங்கப்படுகிறதா என்று பரிசோதித்தார்கள். அந்த வீட்டு வாசலுக்கு ஆள் வந்தது. அதனால்தான் அந்த வீடு சானடோரியத்துக்குச் சமமாயிற்று.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் செய்து 2017-ல் வெளியான ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. முழங்கால் மாற்று ஆபரேஷன் சிக்கல் இல்லாமல் முடிந்த 165 பேரில், ஒரு பகுதியினர் பத்து நாள் பயிற்சி மையத்தில் தங்கிவிட்டு வீட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் நேரே வீட்டுப் பயிற்சிக்கே போனார்கள். ஆறு மாதம் கழித்து நடக்கும் திறனில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் வீட்டில் இருந்தவர்களுக்கும் பிஸியோதெரபிஸ்ட் வகுத்த பயிற்சித் திட்டம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி இல்லாத வீட்டுக்கு இந்த ஆய்வு சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை.

நம் பாட்டிமார் கண்ட வழி

இத்தனையும் படிக்கும்போது நம் குடும்பங்களில் இருந்த ஒரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. உடம்பு தேறும் சந்தர்ப்பம் ஒன்றுக்கு மட்டும் நம்மிடம் தெளிவான ஏற்பாடு உண்டு. அது பிரசவம். தலைப்பிரசவம் பிறந்தகத்தில். வளைகாப்பு, சீமந்தம் ஆனதும் பெண்ணைத் தாயார் அழைத்துப் போவாள். எந்த அகம், யார் கவனிப்பது, என்ன பத்தியம், எப்போது லேகியம், எத்தனை மாதம் கழித்துப் புக்ககம் திரும்புவது, எல்லாம் வலி எடுப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அங்கே மாமியாரைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டாம். தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கலாம். தேறுகிறவள் கூச்சமில்லாமல் உதவி கேட்கக்கூடிய இடம் என்பதே அதன் பெரிய குணம்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு முழுக்க ஒரு தாயாரின் முதுகில் ஏறி நின்றது. அவளுக்கு உதவியாக அத்தை, சித்தி, பாட்டி என்று நாலு பேர் அகத்தில் இருந்தார்கள். இன்று முழங்கால் ஆபரேஷன் ஆன மாமனாரைக் கவனிக்க வேண்டிய மாட்டுப்பெண் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். மாமியாருக்கும் வயது எழுபது தாண்டியிருக்கும், அவர் எண்பது கிலோ எடையுள்ளவரைப் பிடித்துத் தூக்க முடியாது. "அகத்திலேயே பார்த்துக்கொள்வோம்" என்று கௌரவத்துக்காகச் சொல்கிறபோது, பார்த்துக்கொள்ளப்போவது யார் என்ற பெயரையும் அந்த நபரைக் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். கை மாற்ற இன்னொருவர் இல்லாத இடத்தில் மூன்றாவது வாரத்தில் நோயாளிகள் இரண்டு பேராகிவிடுவார்கள்.

சரித்திரம் காட்டும் வழி

தேறும் இடத்தை ஒரு காலத்தில் தொற்று பயம் தீர்மானித்தது. பிறகு தர்மவான்களின் கடிதம், யுத்தகாலப் பற்றாக்குறை, அரசாங்கத்தின் பணவிதி என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தன. நோயாளியின் தேவையை வைத்து முடிவு செய்தது அபூர்வம். நாம் அதை வைத்து முடிவு செய்யலாம். அதற்கு, இடத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் வேலைகளைப் பட்டியல் போட வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக யார் எழுந்து வருவார்? வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கிறதா? ஏற வேண்டிய படிகள் எத்தனை? கட்டு மாற்றவும் தையல் பிரிக்கவும் யார் வருவார், அல்லது எங்கே போக வேண்டும்? பிஸியோதெரபிஸ்ட் வாரத்தில் எத்தனை நாள்? காய்ச்சலோ, மூச்சுத்திணறலோ, கெண்டைக்கால் வீக்கமோ வந்தால் எந்த டாக்டர், எவ்வளவு தூரம்? நோயாளிக்குப் பழகிய சாப்பாடு கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்குச் சொந்த அகத்தில் விடை கிடைத்தால் அதுவே உத்தமம். ஆள் வைத்தால் கிடைக்கும் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே ஆள் பேசிவைக்கலாம். இரண்டும் முடியாதென்றால் சில வாரம் தேறுதல் இல்லத்தில் இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. முன்கூட்டியே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும் தேதியையும் பேசிக்கொண்டு சேர்க்க வேண்டும். அந்த 33 பேர் கணக்கு நமக்குச் சொல்வது அதைத்தான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மெடிகல் இன்ஷ்யூரன்ஸ் பாலிசிகள் பலவற்றில் டிஸ்சார்ஜுக்குப் பின் குறிப்பிட்ட நாட்கள் வரை, பெரும்பாலும் 60 நாள், மருந்துக்கும் பரிசோதனைக்கும் பணம் கிடைக்கும். ஆனால் ஓய்வு, மறுவாழ்வுப் பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டும் ஓர் இடத்தில் சேர்வது, ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஒன்று. தேறுதல் இல்லத்தின் செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் போகும். பாலிசியை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியையே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சிலருக்குத் தன் ஜன்னல், தன் நாற்காலி, காலை காபி இருந்தால் போதும், உடம்பு தானே தேறும். சிலர் பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று குன்றிப்போவார்கள். அவர்களுக்குச் சம்பளம் வாங்கும் நர்ஸிடம் உதவி கேட்பது மனசுக்கு லேசாக இருக்கும். இது அவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம். மயக்கம் தெளியாத நாளில் கேட்க முடியாது.

வளைகாப்பு நாளிலேயே பிறந்தகம் தயாராக இருந்தது போல, ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் அன்றே தேறும் இடத்தையும் குறித்துவிடலாம். எல்லோரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம்.